கைமாறாத அறிவு

சென்னையின் பழைய மகாபலிபுரம் சாலையிலுள்ள மென்பொருள் நிறுவனமொன்றில் புதிதாகச் சேரும் இளைஞருக்கு முதல் இரண்டு வாரங்களில் வேலை என்று சொல்லத்தக்க எதுவும் அநேகமாக இருப்பதில்லை. அடையாள அட்டை, மடிக்கணினி, வருங்கால வைப்பு நிதிக்கான படிவங்கள், தகவல் பாதுகாப்பு பற்றிய கட்டாயக் காணொளிகள், அவற்றின் முடிவில் வரும் வினாத்தாள் எல்லாம் முடிந்த பிறகு, ‘ஆக்சஸ்’ என்று அலுவலகத்தில் எல்லாரும் சொல்லும் அனுமதிக்காக அவர் காத்திருக்கத் தொடங்குகிறார். நிறுவனத்தின் மூலநிரல் வைக்கப்பட்டுள்ள களஞ்சியத்துக்கு ஓர் அனுமதி, தரவுத்தளத்துக்கு வேறோர் அனுமதி, வாடிக்கையாளரின் வலைப்பின்னலுக்குள் நுழைய இன்னொன்று என ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக விண்ணப்பம் போட்டு, ‘டிக்கெட்’ எனப்படும் அந்த விண்ணப்பத்தின் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு, அதை அங்கீகரிக்க வேண்டியவர் விடுப்பில் இருக்கிறாரா, நியூ ஜெர்சியில் உறங்கிக்கொண்டிருக்கிறாரா என்று விசாரித்தபடி நாள்களைக் கழிக்கிறார். சம்பளம் ஓடிக்கொண்டிருக்கும்போது சும்மா உட்கார்ந்திருப்பதில் உள்ள கூச்சம், குடும்பத்தில் முதன்முதலாக அலுவலகம் காண்பவருக்குச் சற்று அதிகம். இன்று என்ன வேலை பார்த்தாய் என்று இரவில் அம்மா தொலைபேசியில் கேட்டால் சொல்வதற்கு அவரிடம் ஒன்றும் இருப்பதில்லை.

இது வெறும் நிர்வாகத் தாமதம் என்றால் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அனுமதிகளெல்லாம் வந்து சேர்ந்து, மூலநிரல் முழுவதும் திரையில் விரிந்த பிறகும் நிலைமை பெரிதாக மாறுவதில்லை என்பதுதான் யோசிக்க வைக்கிறது. மூலநிரல் என்பது கணினி செய்ய வேண்டியவற்றை மனிதர் படிக்கக்கூடிய வடிவில் எழுதிவைத்த கட்டளைத் தொகுதி. தொழிலில் இருப்பவர்கள் அதைக் ‘கோட்’ என்றே சொல்கிறார்கள். பொறியியல் கல்லூரியில் நான்கு ஆண்டுகள் படித்தவர் எழுதிய நிரல்கள் பெரும்பாலும் வெற்றுத் திரையில் தொடங்கி, சில நூறு வரிகளில் முடிந்து, செய்முறைத் தேர்வில் மதிப்பெண் வாங்கியதும் மறக்கப்பட்டவை. அவற்றை இன்னொருவர் திருத்த நேர்ந்ததும் இல்லை, இன்னொருவர் எழுதியதை அவர் திருத்த நேர்ந்ததும் இல்லை. பணியிடத்திலோ, பதினைந்து இருபது ஆண்டுகளாகப் பலர் எழுதி, பலர் மாற்றி, அவர்களில் பெரும்பாலோர் விலகிப் போய்விட்ட, பல லட்சம் வரிகள் கொண்ட பிரதியின் முன்னால் அவர் உட்கார வைக்கப்படுகிறார். அது எழுதப்பட்டிருக்கும் ஜாவா மொழி அவருக்குத் தெரியும். ஒவ்வொரு வரியும் என்ன செய்கிறது என்று கேட்டால் சொல்லிவிடுவார். அந்த வரி எதற்காக அங்கே இருக்கிறது என்பதுதான் தெரிவதில்லை.

அமெரிக்கக் காப்பீட்டு நிறுவனம் ஒன்றுக்காகச் சோழிங்கநல்லூரில் பராமரிக்கப்படும் மென்பொருள் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளலாம். வாடிக்கையாளர் முகவரியைக் கையாளும் பகுதியில், அஞ்சல் குறியீடு ஐந்து இலக்கத்துக்குக் குறைவாக வந்தால் முன்னால் சுழியம் சேர்த்து ஐந்து இலக்கமாக்கச் சொல்லும் வரி ஒன்று இருக்கிறது. புதியவருக்கு அது வீண் என்றே தோன்றும். 1972இல் நடைமுறைக்கு வந்த இந்திய அஞ்சல் குறியீட்டு முறையில் எந்தக் குறியீடும் சுழியத்தில் தொடங்குவதில்லை. சோழிங்கநல்லூரின் 600119ஐ எண்ணாகச் சேமித்தாலும் எழுத்தாகச் சேமித்தாலும் வேறுபாடில்லை. அமெரிக்காவில் 1963இல் தொடங்கிய முறையிலோ நாட்டின் வடகிழக்கு மூலைக்கு முதல் இலக்கமே சுழியம். பாஸ்டன் நகரின் 02108 என்ற குறியீட்டை என்றோ ஒரு தரவுத்தளம் எண் என்று எடுத்துக்கொண்டு சேமித்தபோது முன்னாலிருந்த சுழியம் உதிர்ந்து 2108 ஆகியிருக்கும். மாசசூசெட்ஸுக்கும் நியூ ஜெர்சிக்கும் போக வேண்டிய கடிதங்கள் போய்ச் சேராமல் புகார்கள் குவிந்திருக்கும். யாரோ ஒருவர் காரணத்தைத் தேடிப் பிடித்து இந்த ஒற்றை வரியை எழுதிச் சேர்த்திருப்பார்.

அந்த யாரோ ஒருவர் யார் என்று அறியவும் வழி உண்டு. லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2005இல் எழுதிய ‘கிட்’ என்னும் கருவி, நிரலில் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் செய்தவர் பெயர், நாள், நேரம், சிறு விளக்கம் ஆகியவற்றுடன் பதிந்துவைக்கிறது. அதில் ஒரு கட்டளை இட்டால் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அதைக் கடைசியாகத் தொட்டவரின் பெயர் வந்து நிற்கும். பெயருக்குரியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வேறு நிறுவனத்துக்குப் போயிருப்பார். விளக்கம் எழுத வேண்டிய இடத்தில் ‘பிழை சரிசெய்யப்பட்டது’ என்பதற்கு மேல் எதுவும் இருக்காது. வீண் என்று எண்ணி அந்த வரியை நீக்குகிறவருக்கு எந்த எச்சரிக்கையும் வருவதில்லை. சென்னை முகவரிகளைப் போட்டுச் சோதித்தால் எல்லாம் ஒழுங்காகவே ஓடும்.

நிரலில் எழுதப்பட்டிருப்பதற்கும் அதை எழுதியவர் அறிந்திருந்ததற்கும் நடுவிலுள்ள இந்த இடைவெளியைப் பற்றி மிகத் தெளிவாக எழுதியவர் டென்மார்க்கின் கணினி அறிவியலாளர் பீட்டர் நவுர். அல்கால் 60 என்னும் நிரல்மொழியின் உருவாக்கத்தில் முதன்மையான பங்காற்றியவர்; 2005ஆம் ஆண்டுக்கான டூரிங் விருதைப் பெற்றவர். 1985இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று, நிரலாக்கம் என்பதைக் கோட்பாடு ஒன்றைக் கட்டியெழுப்பும் செயலாகப் பார்க்கிறது. கோட்பாடு என்று அவர் குறிப்பிடுவது ஏட்டில் எழுதப்படும் சூத்திரங்களை அல்ல. பிரிட்டிஷ் தத்துவவாதி கில்பர்ட் ரைல் வகுத்த பொருளில், ஒரு காரியத்தைச் செய்யத் தெரிந்திருப்பதோடு அதை ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று விளக்கவும், எதிர்பாராத கேள்விக்கு விடை சொல்லவும் கைவரும் புரிதல் அது. வெளியுலகின் எந்த நடப்புக்கு நிரலின் எந்தப் பகுதி ஈடாக நிற்கிறது, ஒவ்வொரு பகுதியும் ஏன் வேறு விதமாக இல்லாமல் இந்த விதமாக இருக்கிறது, நாளை புதிய தேவை ஒன்று வந்தால் எந்த இடத்தில் கைவைப்பது பொருத்தம் என்பவற்றை நிரலை ஆக்கியவர்கள் அறிவார்கள். அந்த அறிவு அவர்கள் எழுதிய ஆவணங்களை எப்போதும் மிஞ்சியே இருக்கும், முழுமையாக எழுத்தில் இறக்கிவைக்க முடியாதது என்பது நவுரின் நிலைப்பாடு.

அவர் காட்டும் சான்றுகளில் ஒன்று, ஒரு குழு நன்றாக ஆக்கிய நிரல்மொழிபெயர்ப்பி ஒன்றைப் பற்றியது. நிரலாளர் எழுதுவதைக் கணினி இயக்கக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் மென்பொருளுக்குத்தான் அப்பெயர். அதைச் சற்று மாறுபட்ட மொழிக்கு விரிவாக்க முனைந்த இரண்டாம் குழுவுக்கு முழு மூலநிரலும், விரிவான ஆவணங்களும், முதல் குழுவினரின் நேரடி ஆலோசனையும் கிடைத்தன. அப்படியிருந்தும் இரண்டாம் குழு முன்வைத்த தீர்வுகளில் பல, நிரலின் அமைப்பில் ஏற்கெனவே இருந்த வசதியைப் பயன்படுத்தாமல், அதன் மேல் ஒட்டுப்போடுவனவாக இருந்தன. முதல் குழுவினர் அதைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுகொண்டு, அமைப்புக்குள்ளேயே அடங்கும் எளிய தீர்வுகளைச் சொன்னார்கள். ஆண்டுகள் கழிந்து அந்த வழிகாட்டுதல் இல்லாத வேறு கைகளுக்கு நிரல் போய்ச் சேர்ந்தபோது, பழைய அமைப்பு அடையாளம் தெரிந்தாலும், வடிவமற்ற சேர்க்கைகளால் பயனற்றுப் போயிருந்தது. கோட்பாட்டைத் தாங்கிய குழு கலைந்ததுமே நிரல் இறந்துவிடுகிறது, அது கணினியில் தொடர்ந்து ஓடிக்கொண்டிருந்தாலும் சரி என்ற முடிவுக்கு நவுர் வருகிறார். ஆவணங்களை மட்டும் வைத்து அதற்கு உயிரூட்ட முடியாது என்றும், பழைய பிரதியைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே சிக்கலைப் புதியவர்களிடம் புதிதாகத் தீர்க்கக் கொடுப்பதே பல நேரங்களில் மேல் என்றும்கூட அவர் எழுதுகிறார். கடைசியாகச் சொன்னது மிகை. ஓடிக்கொண்டிருக்கும் காப்பீட்டு மென்பொருளைத் தூக்கிப்போட எந்த நிறுவனமும் முன்வராது. முன்வராததன் விளைவுகளைச் சுமப்பதற்கென்றே ஒரு தொழில்துறை எழுந்திருக்கிறது என்பதுதான் சென்னைக்கு இதில் உள்ள தொடர்பு.

தரமணியில் டைடல் பூங்கா திறக்கப்பட்டது 2000ஆம் ஆண்டு ஜூலையில். அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இந்திய மென்பொருள் நிறுவனங்களுக்கு உலகச் சந்தையின் கதவைத் திறந்துவிட்டவற்றுள் ஒன்று ‘ஒய்டூகே’ என்று அறியப்பட்ட சிக்கல். நினைவகம் விலை மிகுந்திருந்த காலத்தில் ஆண்டை இரண்டே இலக்கங்களில் எழுதிவைத்த நிரல்கள், 2000 பிறக்கும்போது அதை 1900 என்று எடுத்துக்கொள்ளும் என்ற அச்சம். அந்நிரல்களில் பல கோபால் என்னும் மொழியில் எழுதப்பட்டவை. எழுதியவர்களில் பலர் ஓய்வுபெற்றுவிட்டவர்கள். அவற்றை வரிவரியாகப் படித்துத் திருத்திய கைகளில் கணிசமானவை இந்திய இளைஞர்களுடையவை. ஆக, இத்தொழிலின் பெருவளர்ச்சிக் காலத்திலேயே ஆக்குவதை விட, பிறர் ஆக்கிவிட்டுப் போனதைப் படிப்பது முதன்மையான பணியாக இருந்திருக்கிறது. நாட்டை விட்டு நகராமலேயே இன்னொரு நாட்டின் வேலைக்குள் குடியேறும் இந்நிலையைச் சமூகவியலாளர் ஏ. அனீஷ் 2006இல் வெளியிட்ட தம் நூலில் மெய்நிகர்ப் புலப்பெயர்வு என்று விளக்கினார்.

இந்தத் தொழில்துறை நவுருக்கு நேரெதிரான நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அந்த நம்பிக்கையின் பெயர் ‘கே.டி.’, அறிவைக் கைமாற்றுதல் என்பதற்கான ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகள். வெளிநாட்டு வாடிக்கையாளரிடமிருந்து ஒரு மென்பொருளின் பராமரிப்பு இங்கே வரும்போது, முதலில் அங்குள்ள ஊழியர்கள் சில வாரங்கள் விளக்கிச் சொல்கிறார்கள். அடுத்து அவர்கள் வேலை செய்ய இங்குள்ளவர்கள் உடனிருந்து கவனிக்கிறார்கள், இதற்கு ‘ஷேடோ’ என்று பெயர். பிறகு இங்குள்ளவர்கள் செய்ய அவர்கள் கவனிப்பது ‘ரிவர்ஸ் ஷேடோ’. அதற்கும் பிறகு இரு தரப்பும் கையெழுத்திட, அறிவு வந்து சேர்ந்துவிட்டதாகக் கொள்ளப்படுகிறது. விளக்கிச் சொல்கிறவர் சில இடங்களில் இந்த ஒப்படைப்பு முடிந்ததும் தம் வேலையையே இழக்கப்போகிறவர். கேட்டதற்கு அவர் விடை சொல்வார். கேட்கத் தெரியாததை அவராக எடுத்துச் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமல்ல. சுழியம் சேர்க்கும் வரியைப் பற்றி யாரும் கேட்பதில்லை, ஏனெனில் அங்குள்ளவருக்கு அது சொல்லத் தேவையில்லாத அளவுக்குத் தெரிந்தது, இங்குள்ளவருக்குக் கேட்கத் தோன்றாத அளவுக்குத் தெரியாதது.

அதே சடங்கு சென்னைக்குள்ளும் ஓயாமல் நடக்கிறது. பணிவிலகல் கடிதம் கொடுத்தவரைப் பல நிறுவனங்கள் 90 நாள்கள் வரை விடாமல் வைத்துக்கொள்வதற்குச் சொல்லப்படும் காரணம் கே.டி.தான். மனத்தளவில் அடுத்த அலுவலகத்துக்குப் போய்விட்டவர், வந்து சில நாள்களே ஆனவருக்குத் திரையைப் பகிர்ந்து விளக்கும் கூட்டங்கள் பதிவு செய்யப்பட்டு, பகிர்வுக் கோப்புறை ஒன்றில் வரிசையாக அடுக்கி வைக்கப்படுகின்றன. புதியவர் அவற்றை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுப் பார்க்கிறார். பதிவில் நடுநடுவே கேட்கும் ‘இது உங்களுக்கே தெரியும்’ என்ற சொற்கள் வேறு யாரையோ பார்த்துச் சொல்லப்பட்டவை.

விலகிப் போவோரின் மேல் இதில் குற்றம் காண முடியாது என்பதைப் புதியவரின் கைக்கு வரும் இன்னொரு தாளே சொல்லிவிடும். ஆண்டுக்கு இத்தனை லட்சம் என்று வேலைக்கான கடிதத்தில் கண்ட தொகைக்கும் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கில் விழுந்த தொகைக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ள முதல் சம்பளச் சீட்டை அவர் பலமுறை படிக்க வேண்டியிருக்கிறது. அடிப்படைச் சம்பளத்தில் 12 விழுக்காடு வருங்கால வைப்பு நிதிக்கு அவர் பங்காகப் போகிறது. நிறுவனத்தின் பங்கும் அவருடைய மொத்த ஆண்டுத் தொகைக்குள்ளேயே கணக்கிடப்பட்டிருக்கிறது. உள்ளாட்சி அமைப்புக்குச் செல்லும் தொழில் வரி, அரசமைப்புச் சட்டத்தின் 276ஆவது உறுப்பு விதித்த உச்சவரம்பின்படி, எவ்வளவு சம்பாதித்தாலும் ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டாது. இவற்றோடு பல நிறுவனங்களின் கடிதங்களில் 4.81 விழுக்காடு என்று விசித்திரமான எண் ஒன்றும் இருக்கும். பணிக்கொடை என்னும் கிராஜுவிட்டிக்கான ஒதுக்கீடு அது. மாதத்துக்கு 26 வேலைநாள்கள் என்று கொண்டு, ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் என்ற 1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் சூத்திரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் கிடைப்பது. நிரந்தர ஊழியருக்கு அது பொதுவாக ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பணியாற்றினால் மட்டுமே கையில் கிடைக்கும். இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை நிறுவனம் மாறுவது வழக்கமாகிவிட்ட தொழிலில் அந்தத் தொகையைப் பலர் கண்ணால் காண்பதில்லை. இருக்கிறவருக்குச் சில விழுக்காடு உயர்வும் வெளியிலிருந்து வருகிறவருக்கு அதைப்போல் பன்மடங்கும் தரப்படும் சந்தையில், தங்கியிருப்பவர் நட்டப்படுகிறார். கோட்பாட்டைத் தலையில் சுமந்தவர் போவதற்கு விலை கொடுப்பதும், அது தெரியாதவரை அதிக விலைக்கு எடுப்பதும் ஒரே நிர்வாகம்தான் என்பது கணக்கேடுகளில் எங்கும் பதிவாவதில்லை.

பதிவாகாததால், புதியவரின் முதல் மாதங்களும் அவருடைய சொந்தத் திறமையின் சோதனையாகவே அவருக்குத் தெரிகின்றன. ஐபிஎம் நிறுவனத்தின் சிஸ்டம்/360 கணினிக்கான இயங்குதளப் பணியை நடத்திய பிரெட் புரூக்ஸ், தாமதமாகிக்கொண்டிருக்கும் மென்பொருள் பணியில் ஆள்களைக் கூட்டினால் அது மேலும் தாமதமாகும் என்ற கருத்தை 1975இலேயே தம் நூலில் முன்வைத்தார். வந்தவர் கற்கும் காலம் முழுவதும் அவருக்குக் கற்பிப்பவரின் வேலையும் நின்றுபோகும் என்பது அதற்குரிய காரணங்களுள் ஒன்று. சேர்ந்த சில மாதங்களுக்குப் புதியவர் நிறுவனத்துக்குச் செலவாக இருப்பது தொழிலின் இயல்பு என்று இத்துறை அரை நூற்றாண்டாக அறிந்திருக்கிறது, ஆனால் அதைப் புதியவரிடம் யாரும் சொல்வதில்லை. ‘ஸ்டேண்ட்-அப்’ எனப்படும் தினசரிக் கூட்டத்தில், நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், எது தடையாக இருக்கிறது என்று ஒவ்வொருவரும் சுருக்கமாகச் சொல்லும் நேரத்தில், ‘நேற்றும் நிரலைப் படித்தேன்’ என்று நான்காவது நாளாகச் சொல்ல நாக்கூசி, அரைகுறையாகப் புரிந்த ஒன்றை முடித்துவிட்டதாக அவர் சொல்லிவிடுகிறார். கால்மணி நேரத்துக்கு மிகாத அக்கூட்டம் ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ள வகுக்கப்பட்டது; மேலாளர் கேட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது வருகைப்பதிவாக மாறிவிடுவதைத் தடுப்பது கடினம்.

எழுத்தில் இல்லாத அறிவு பேச்சில்தான் புழங்குகிறது என்றால், அந்தப் பேச்சுக்குள் நுழைய யாருக்கு எளிது என்பது அடுத்த கேள்வி. தேநீர் இடைவேளை, மதிய உணவு மேசை, கட்டடத்துக்கு வெளியே பெட்டிக்கடை ஓரம், வீட்டுக்குத் திரும்பும் கேப் ஆகிய இடங்களில்தான் ஒரு மென்பொருளின் உண்மையான வரலாறு சொல்லப்படுகிறது. எந்த வாடிக்கையாளர் எந்த ஆண்டில் எதற்காகக் கோபித்தார், எந்தப் பகுதியைத் தொட்டால் எது விழும் என்பதெல்லாம் அங்கே கேலியோடு கலந்து வெளிப்படும். மானுடவியலாளர்களான சி.ஜே. ஃபுல்லரும் ஹரிப்பிரியா நரசிம்மனும் 2000களில் சென்னை மென்பொருள் ஊழியர்களை ஆராய்ந்தபோது, அவர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே படித்த, நகர்ப்புற, மேல்சாதி நடுத்தரக் குடும்பங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பதைக் கண்டார்கள். அதன் பிறகு நுழைவுத்தேர்வு நீக்கம், 2010–11இல் வந்த முதல் பட்டதாரிக் கட்டணச் சலுகை போன்றவற்றின் வழியாகத் தருமபுரியிலிருந்தும் அரியலூரிலிருந்தும் பொறியியல் படிக்க வந்தவர்களின் வட்டம் விரிந்திருக்கிறது. வாசல் விரிந்த அளவுக்கு மேசை விரிந்ததா என்பது வேறு. நேர்காணலுக்கு மனப்பாடம் செய்த ஆங்கிலம் உணவு மேசையின் வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை. தந்தை வயதுள்ள மேலாளரைப் பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்ற அலுவலக வழக்கத்தைக் கைக்கொள்ள முடியாமல், ‘சார்’ என்றும் சொல்லக்கூடாமல், விளிச்சொல்லே இல்லாத வாக்கியங்களை அமைத்துப் பேசப் பழகுகிறவர்கள் உண்டு; சற்று மூத்தவர்களிடம் ‘அண்ணா’, ‘ப்ரோ’ என்று சொல்லி இளைஞர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள், பெண்களுக்கு அந்த வழியும் அவ்வளவு எளிதல்ல. காரப்பாக்கத்திலோ துரைப்பாக்கத்திலோ, இரவு குறித்த நேரத்தில் கதவடைக்கும் பெண்கள் விடுதியில் தங்கியிருப்பவர், வேலை முடிந்தபின் நீளும் பேச்சுகளில் பாதியில் எழுந்து போக வேண்டியவராக இருக்கிறார். 2020 மார்ச்சுக்குப் பிறகான ஊரடங்குக் காலத்தில் மடிக்கணினியைக் கூரியரில் பெற்று வீட்டிலிருந்தே வேலையைத் தொடங்கியவர்களுக்கோ இப்பேச்சு முற்றாகவே கேட்கவில்லை. ஆவணங்களைப் பற்றி நவுர் கொண்ட ஐயம் சரியானதே. ஆனால் ஆவணம் ஆளைப் பார்த்துப் பேசாது என்ற ஒரு நற்குணத்தை அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

இத்தனைக்கும் நடுவில் பெரும்பாலோர் எப்படியோ கற்றுக்கொண்டுதான் விடுகிறார்கள். அந்த ‘எப்படியோ’வை விளக்க ஜீன் லேவ், எட்டியென் வெங்கர் ஆகியோர் 1991இல் வெளியிட்ட நூல் உதவுகிறது. லைபீரியாவின் வாய், கோலா இனத் தையற்கலைஞர்களிடம் லேவ் செய்த களஆய்வு அதில் ஒரு பகுதி. அங்கே வேலை பழக வரும் சிறுவனுக்கு யாரும் பாடம் நடத்துவதில்லை. துணியை வெட்டித் தைத்து முடிக்கும் வரிசையில் அவன் பழகுவதும் இல்லை. தைத்து முடித்த ஆடையை இஸ்திரி போடுவது, பொத்தான் வைப்பது, ஓரம் மடிப்பது ஆகியவற்றில் தொடங்கிப் பின்னோக்கி நகர்ந்து, துணி வெட்டுவதற்குக் கடைசியில் வந்து சேர்கிறான். தையல் தவறினால் பிரித்துத் தைக்கலாம், வெட்டு தவறினால் துணி போயிற்று என்பது ஒரு காரணம். முடிந்த ஆடையைக் கையாளும்போதே அதன் மொத்த உருவமும் மனத்தில் பதிந்துவிடுகிறது என்பது இன்னொன்று. பணியின் விளிம்பில், ஆனால் உண்மையான பணியில், உரிமையோடு நிற்பதையே இவ்விருவரும் கற்றலாகக் காண்கிறார்கள். மென்பொருள் அலுவலகத்திலும் நல்ல மேலாளர்கள் இதைப் பெயர் தெரியாமலே கடைப்பிடிக்கிறார்கள்: திரையில் தவறாக அச்சான சொல் ஒன்றைத் திருத்துவது, ஏற்கெனவே ஓடும் பகுதிக்குச் சோதனை நிரல் எழுதுவது, வாடிக்கையாளர் எழுப்பிய சிறு புகாரின் காரணத்தைத் தேடுவது என்று புதியவருக்கு விளிம்பு வேலைகளைத் தருகிறார்கள். ஒற்றைச் சொல்லைத் திருத்துவதற்காக நான்கு கோப்புகளைத் திறந்து பார்த்தவர், அந்த நான்கும் எப்படிக் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பார்த்துவிடுகிறார். இதை வெளிப்படையாக ஏற்று நடத்திய முயற்சியும் தமிழ்நாட்டில் உண்டு; பள்ளிப் படிப்பை முடித்தவர்களையும் பட்டயம் பெற்றவர்களையும் பொறியியல் பட்டம் இல்லாமலே எடுத்து, உதவித்தொகை கொடுத்து, நிறுவனத்துக்குள்ளேயே பழக்கும் பள்ளியை ஜோஹோ 2000களின் நடுவில் தொடங்கியது.

உலகம் நிரலுக்குள் நுழையும் விதத்தை உடம்பாலேயே அறியும் தருணங்களும் வருகின்றன. அமெரிக்காவில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுத்துக்கொள்கிறார்கள். இந்தியாவில் கடிகாரம் அசைவதில்லை. நியூயார்க்கின் காலை ஒன்பது மணிக் கூட்டம் குளிர்காலத்தில் சென்னையில் இரவு ஏழரைக்கு வருகிறது, அவர்களின் கோடையில் ஆறரைக்கு. வாஷிங்டனில் இயற்றப்பட்ட சட்டமொன்று, நாவலூரில் ஒருவர் எந்தப் பேருந்தைப் பிடிப்பார், விடுதியில் இரவுச் சாப்பாடு சூடாகக் கிடைக்குமா, சிறுசேரி வரை போடப்பட்டுவரும் மெட்ரோ பாதையின் தடுப்புகளுக்கிடையே எத்தனை நேரம் நிற்பார் என்பதையெல்லாம் ஆண்டுக்கு இருமுறை மாற்றியமைக்கிறது. அந்த மார்ச் ஞாயிறன்று நியூயார்க்கில் அதிகாலை இரண்டரை மணி என்பதே இல்லை. இரண்டிலிருந்து கடிகாரம் நேரே மூன்றுக்குப் போய்விடுகிறது. உள்ளூர் நேரப்படி இரண்டரைக்கு ஓட வேண்டும் என்று யாரோ நிரலில் குறித்துவைத்த வேலை, அமைப்பைப் பொறுத்து, அன்று ஓடாமலே போகலாம். அதற்காக ஞாயிறு நண்பகல் தொலைபேசியில் எழுப்பப்பட்ட புதியவர் அதன்பின் எந்த நிரலில் நேரத்தைக் கண்டாலும் அது எந்த ஊர் நேரம் என்று கேட்பார். இப்படித்தான் கோட்பாடு சிறிது சிறிதாகத் தலைக்குள் சேர்கிறது. இதைப் பயிற்சி என்று எந்த மனிதவளத் துறையும் கணக்கில் எழுதுவதில்லை.

இந்த விளிம்பு இப்போது சுருங்கிவருகிறது. கிட்ஹப் நிறுவனத்தின் கோபைலட் 2021இல் முன்னோட்டமாக வெளிவந்ததற்குப் பிறகு, கேட்டதற்கேற்ப நிரலை எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் அலுவலகங்களில் பரவிவிட்டன. அவை மிக நன்றாகச் செய்பவை எவை என்று பார்த்தால், எழுத்துப் பிழை திருத்தம், சோதனை நிரல், சிறு புகார்களின் காரணம் தேடுதல் என்று விளிம்பு வேலைகளின் பட்டியலாகவே அது இருக்கிறது. இஸ்திரியும் பொத்தானும் இயந்திரத்துக்குப் போய்விட்ட கடையில் பழக வருகிறவனிடம் முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுப்பதா, அவனை எடுக்காமலே விடுவதா என்ற குழப்பத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. இன்னொரு மாற்றம் இதைவிட ஆழமானது. நவுரின் விளக்கத்தில் நிரல் என்றோ ஒரு நாள் யாரோ ஒருவருடைய தலையில் உயிரோடு இருந்தது. அவர் போனபின் இறந்தது. கருவி எழுதித் தந்து, அவசரத்தில் மேலோட்டமாகப் பார்த்து ஏற்கப்பட்ட நிரலுக்கு அப்படி ஒரு தலை இருந்ததே இல்லை. அந்த வரி ஏன் இருக்கிறது என்று அதே கருவியிடம் கேட்டால் நம்பத்தகுந்த விளக்கம் உடனே வரும். அது நடந்த காரணமா, நடந்திருக்கக்கூடிய காரணமா என்று பிரித்தறிய, பாஸ்டனின் கடிதங்கள் திரும்பி வந்ததை நினைவில் வைத்திருப்பவர் ஒருவர் எங்காவது வேண்டும். இதில் ஒரு நன்மையும் இருக்கிறது, அதை மறைக்கத் தேவையில்லை: மேசையில் கேட்கக் கூசிய கேள்வியை, எந்த மொழியிலும், எத்தனை முறையும், யாருடைய பார்வைக்கும் ஆளாகாமல் கருவியிடம் கேட்டுவிடலாம்.

புதியவரிடம் மட்டுமே இருக்கும் ஒன்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். தம் கணினியில் அந்த மென்பொருளை நிறுவி ஓடவைப்பது எப்படி என்று விளக்கும் ஆவணம் ஒன்று எல்லாக் குழுக்களிலும் இருக்கும். அதன் ஏதோ ஒரு படியில் குறிப்பிடப்பட்ட சேவையகம் இப்போது இல்லை. இன்னொரு படியில் அணுகச் சொல்லப்பட்டவர் விலகிவிட்டார். இரண்டு படிகளுக்கு நடுவே, எல்லாருக்கும் தெரியும் என்பதால் யாரும் எழுதாத படி ஒன்று விடுபட்டிருக்கிறது. குழுவில் பல ஆண்டுகளாக இருப்பவர்களுக்கு இந்த ஓட்டைகள் கண்ணில் படுவதில்லை, அவர்கள் அந்த வழியே மீண்டும் நடப்பதும் இல்லை. முட்டி மோதிக்கொண்டிருப்பவருக்கு மட்டும் அவை தெரிகின்றன, அவருக்கும் சில வாரங்கள்தான் தெரியும்; பழகிவிட்டால் மறைந்துவிடும். அதனால் சில குழுக்கள் அந்த ஆவணத்தைத் திருத்துவதையே புதியவரின் முதல் பணியாக வைத்திருக்கின்றன. அவர் திருத்தியதை மூத்தவர்கள் சரிபார்க்கிறார்கள். இவ்வளவு விளக்கம் எதற்கு, நிரலே தன்னை விளக்க வேண்டாமா என்று ஒருவர் எழுத, போன ஆண்டு இதே இடத்தில் இரண்டு நாள் வீணானதை இன்னொருவர் நினைவூட்ட, அதற்கும் முன்னால் இந்தச் சேவையகத்தை ஏன் மாற்றினோம் என்று மூன்றாமவர் சொல்ல, மூன்று வரித் திருத்தத்தின் கீழே முப்பது வரி உரையாடல் சேர்கிறது. எந்தக் கே.டி. கூட்டத்திலும் சொல்லப்படாத பல செய்திகள் அதில் இருக்கும். இந்த உரையாடல்கள் பதிவாகும் கருவியை விட்டு நிறுவனம் வேறொன்றுக்கு மாறும்போது மூலநிரல் முழுதாகப் புதிய இடத்துக்கு நகர்த்தப்படும். உரையாடல்களைக் கொண்டுபோவதற்குப் பெரும்பாலும் யாரும் நேரம் ஒதுக்குவதில்லை.